சயாம் அரண்மனை அடுக்களையில் ஒரு விதவை: தங்க நூல் பலகாரத்தின் கதை

சயாம் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவு வருவது மரண ரயில்பாதைதான். 1942, 43-ம் ஆண்டுகளில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர்கள் கூட்ஸ் வண்டிகளில் அடைத்துக் கொண்டுபோன தமிழர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் காட்டோடு போனவர்கள்தாம். அதனால் அந்த நாட்டின் பெயரோடு நம் குடும்பங்களில் ஒரு பெருமூச்சும் சேர்ந்தே வரும். 1939-ல் தாய்லாந்து என்று பெயர் மாறிய அதே நாட்டில், பெருமூச்சோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு கதையும் இருக்கிறது. அது ஓர் இனிப்புப் பலகாரத்தின் கதை. பலகாரம் இனிப்புத்தான், கதை அப்படியல்ல.

பாங்காக் நகரில் எந்தப் பலகாரக் கடை முன்னால் நின்றாலும் கண்ணைப் பறிப்பது மஞ்சள் நிறம். நம் ஊர் மிட்டாய்க் கடையில் லட்டும் ஜாங்கிரியும் குவிந்திருப்பதுபோல அங்கே மூன்று சரக்கு குவிந்திருக்கும். மெல்லிய நூலைச் சுற்றி மடித்து வைத்தாற்போல் ஒன்று: அதற்குப் பெயர் ‘ஃபோய் தோங்’. சிறு பூவைப்போல் ஐந்து மடிப்பு வைத்துக் கிள்ளியது ஒன்று: ‘தோங் யிப்’. சொட்டுச் சொட்டாக, வால் முளைத்த நீர்த்துளிபோல் ஒன்று: ‘தோங் யோட்’. தாய்லாந்து மொழியில் தோங் என்றால் தங்கம். எனவே தங்க நூல், கிள்ளிய தங்கம், தங்கத் துளி என்று இவற்றைத் தமிழ்ப்படுத்திக் கொள்ளலாம்.

பெயரில் தங்கம் இருப்பதால் கல்யாணம், கிருகப்பிரவேசம், உத்தியோக உயர்வு எதுவானாலும் இவை வேண்டும். கல்யாணத்துக்கு ஒன்பது வகைப் பலகாரம் வைப்பது அங்கே மரபு. அதில் இந்த மூன்றும் தவறாமல் இடம் பெறும். தங்க நூலை மட்டும் கத்தி வைத்து வெட்டக்கூடாது. நூல் நீளமாக இருந்தால்தான் தம்பதிகளின் ஆயுளும் அன்பும் நீளும் என்பது நம்பிக்கை. 

இந்தத் தங்கம் மூன்றும் முட்டையின் மஞ்சள் கருவும் சர்க்கரைப் பாகும்தான். வேறு சரக்கு அதிகமில்லை.

கைப்பக்குவம்

செய்முறையைச் சொன்னால் நம் ஊர் ஜாங்கிரி மாஸ்டர்களுக்கு உடனே புரிந்துவிடும். வாத்து முட்டை வேண்டும். கோழி முட்டையும் கலப்பார்கள், ஆனால் நிறமும் கெட்டித்தனமும் வாத்து முட்டையில்தான் வரும். வெள்ளைக் கருவைப் பிரித்துவிட்டு மஞ்சளை மட்டும் எடுப்பார்கள். அப்படிப் பிரித்த பிறகு ஓட்டின் உள்புறத்தில் தண்ணீர் போல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதை வீணாக்காமல் விரலால் வழித்துச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பனித்துளி முட்டை’. அது சேர்ந்தால்தான் நூல் அறுந்துபோகாமல் வருமாம். பிறகு எல்லாவற்றையும் மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு சிறு கட்டி தங்கிவிட்டாலும் துவாரத்தில் அடைத்துக்கொள்ளும்.

பாகுக்குச் சாதாரணத் தண்ணீர் போதாது. முதல் நாள் இரவே மல்லிகைப் பூவை மிதக்கவிட்டு மணம் ஏற்றிய தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து, அகலமான பித்தளைச் சட்டியில் கொதிக்க வைப்பார்கள். மஞ்சள் கருவை ஊற்ற ஒரு கூம்பு. பழைய நாளில் வாழை இலையைச் சுருட்டி நுனியில் துளையிட்டுக்கொண்டார்கள், பிற்பாடு பித்தளைக் கூம்பு வந்தது. கொதிக்கும் பாகின்மேல் அந்தக் கூம்பைப் பிடித்து வட்டமாகக் கையைச் சுழற்றிக்கொண்டே போகவேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக நூல் விழும். இருபது முப்பது சுற்று ஆனதும் கூர்மையான குச்சியால் ஒரு பக்கமாகத் தூக்கி, பாகிலேயே ஓர் அலசு அலசி, மடித்து வைத்தால் ஒரு சிட்டம் தயார். பாகு கெட்டியானால் நூல் விறைத்துவிடும், இளகினால் பிசுபிசுத்துக் கட்டியாகிவிடும். நடுநடுவே மல்லிகைத் தண்ணீரைத் தெளித்து ஒரே பதத்தில் நிறுத்துவதில்தான் ஆளின் தேர்ச்சி தெரியும்.

தங்கத் துளிக்குக் கருவில் சிறிது அரிசி மாவு சேரும். அதை மூன்று விரலில் வழித்துக் கட்டைவிரலால் பாகுக்குள் சுண்டிவிடுவார்கள். சுண்டுகிற வேகத்தில்தான் அந்த வால் விழுகிறது. கிள்ளிய தங்கத்துக்குக் கருவை நுரைக்க அடித்து, கொதி அடங்கிய பாகில் சிறு தோசைபோல் ஊற்றி வேகவைத்து, சூட்டோடு எடுத்து மடிப்பு வைத்துக் கிள்ளி, விரலளவுப் பீங்கான் கிண்ணத்தில் பொருத்தி வைப்பார்கள். ஆறிவிட்டால் மடிப்பு நிற்காது. பழகாத விரல் பொசுங்கிப்போகும்.

நாலு கிண்ணம்

தாய்லாந்துக்காரர்கள் தங்கள் தேசியப் பலகாரம் என்று மார்தட்டிக் கொள்ளும் இந்த மூன்றும் அந்த நாட்டில் பிறந்தவை அல்ல. 

அவர்களுடைய பழைய இனிப்புகளில் முட்டைக்கு இடமே கிடையாது. அரிசி மாவு, தேங்காய், வெல்லம் இம்மூன்றுக்குள் எல்லாம் அடங்கிவிடும். விருந்துக்குப் போவதை ‘நாலு கிண்ணம் சாப்பிடப் போகிறேன்’ என்பார்களாம். நீரில் ஊறிய திருநீற்றுப் பச்சிலை விதை ஒரு கிண்ணம், அரிசி மாவைப் பிழிந்த சிறு துண்டுகள் ஒரு கிண்ணம், நெல் பொரி ஒரு கிண்ணம், கறுப்புப் பசையரிசிச் சோறு ஒரு கிண்ணம். நாலுக்கும் வெல்லம் கரைத்த தேங்காய்ப் பால்.

அந்த வெல்லத்தில் ஒரு பகுதி நம் பனை மரத்திலிருந்து வந்தது. பாங்காக்குக்குத் தென்மேற்கே பெட்சபுரி என்ற மாகாணம் இருக்கிறது. வயல் வரப்பில் வரிசை வரிசையாகப் பனைமரம் நிற்பதைப் பார்த்தால் திருநெல்வேலிக்காரர்கள் ஊருக்கே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவது மட்டுமல்ல, பனம்பழத்தைப் பிசைந்து அரிசி மாவோடு ஆவியில் அவித்து மஞ்சள் பணியாரம்போல் ஒன்றும் செய்கிறார்கள். நம் ஊரில் பனம்பழத்தைச் சுட்டுச் சூப்பிவிட்டுக் கொட்டையைக் குழியில் போடுவதோடு சரி.

கன்னிமாடத்து மஞ்சள் கரு

முட்டை இனிப்பு புறப்பட்ட இடம் போர்த்துகல். அங்கே கிறிஸ்தவக் கன்னியர் மடங்களில் முட்டையின் வெள்ளைக் கருவுக்கு ஏகப்பட்ட செலவு இருந்தது. நம் வீடுகளில் வேட்டிக்குச் சோற்றுக் கஞ்சி போடுவதுபோல அவர்கள் அங்கிகளை விறைப்பாக்க வெள்ளைக் கருவைப் பயன்படுத்தினார்கள். திராட்சை மதுவைத் தெளியவைக்கவும் அதுவே உதவியது. மிஞ்சிய மஞ்சள் கரு கூடை கூடையாகக் கிடந்தது. 15-ம் நூற்றாண்டில் மதீராத் தீவின் கரும்புச் சர்க்கரையும் வந்து குவிந்தது. இரண்டையும் சேர்த்து விதவிதமான பலகாரங்களை அந்தப் பெண்கள் உண்டாக்கினார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஃபியோஸ் த ஓவோஸ்’, அதாவது முட்டை நூல். தங்க நூலும் இதுவும் அச்சு அசல் ஒன்றே. கிள்ளிய தங்கத்துக்கும் தங்கத் துளிக்கும்கூட அங்கே மூத்த சகோதரிகள் உண்டு.

போர்த்துகீசியர் 1510-ல் கோவாவைப் பிடித்தார்கள், 1511-ல் மலாக்காவைப் பிடித்தார்கள். அதே 1511-ல் அவர்களுடைய தூதர் சயாமின் தலைநகரான அயுத்யாவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1516-ல் ஒப்பந்தம் ஆயிற்று. நகருக்குத் தெற்கே சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் அவர்களுக்குக் குடியிருப்புக் கிடைத்தது. எதிர்க்கரையில் ஜப்பானியர் குடியிருப்பு. இரண்டு கரைக்கும் நடுவே படகு ஓடியது, பெண் கொடுப்பதும் எடுப்பதும் நடந்தது. 

கிரேக்கன் மந்திரியான கதை

அந்தக் குடியிருப்பில் 1664-ம் ஆண்டு வாக்கில் பிறந்தவள் மரியா குயோமார் டி பின்யா. தகப்பனார் கோவாவிலிருந்து போனவர். போர்த்துகீசிய, வங்காள, ஜப்பானிய ரத்தம் மூன்றும் கலந்தவர். தாயார் உர்சுலா யமடா ஜப்பானியக் கிறிஸ்தவ வம்சம். ஜப்பானில் 1614-ல் கிறிஸ்தவ மதம் தடை செய்யப்பட்டு, மதத்தை விடாதவர்களைக் கொன்று குவித்தபோது உயிர் தப்பி ஓடிவந்த குடும்பங்களில் ஒன்று. ஆக, மரியாவுக்குச் சொந்த ஊர் என்று எதைச் சொல்வது? கோவாவும் அவளுடையதல்ல, நாகசாகியும் அல்ல, பிறந்த அயுத்யாவிலோ அவள் பரதேசி.

அவளைக் கட்டிக்கொண்டவனும் பரதேசிதான். கான்ஸ்டன்டைன் பால்கன் என்ற கிரேக்கன். 1647-ல் கெஃபலோனியாத் தீவில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலீஷ் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனிச் சேவகத்தில் கிழக்கே வந்து, 1675 வாக்கில் சயாமில் கரையேறியவன். பாஷைகளைப் பிடித்துக்கொள்வதில் மன்னன். துபாஷியாகச் சர்க்கார் சேவகத்தில் நுழைந்து, கஜானா இலாகாவில் கணக்கு வழக்குகளைக் கையில் எடுத்து, சில ஆண்டுகளுக்குள் நராய் மன்னரின் வலக்கையாகிவிட்டான். இங்கிலீஷ் சபையிலிருந்து கத்தோலிக்க மதத்துக்கு மாறி 1682-ல் மரியாவை மணந்தான். லோப்புரியில் அவர்கள் வாழ்ந்த மாளிகையின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

அன்னிய தேசத்துக் கப்பல் பையன் மந்திரியானால் உள்ளூர்ப் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? பால்கனோ பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் நட்பை நாடினான். 1685-லும் 1687-லும் பிரெஞ்சுத் தூதுக் குழுக்கள் வந்தன. இரண்டாவது குழுவோடு சிப்பாய்களும் வந்து பாங்காக் கோட்டையில் இறங்கினார்கள். நாட்டை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறான் என்று புகைச்சல் எழுந்தது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

1688-ல் நராய் மன்னர் படுத்த படுக்கையானார். யானைப் படைத் தலைவர் பெத்ராச்சா அரண்மனையைக் கைப்பற்றினார். மே 18-ல் பால்கன் பிடிபட்டான். ஜூன் 5-ல் தலை உருண்டது. ஜூலையில் மன்னரும் கண்ணை மூடினார். பெத்ராச்சா அரியணை ஏறினார்.

புதுச்சேரிக்குப் போன கப்பல்

மரியாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது இருக்கும். கையில் பிள்ளை. ஒளித்து வைத்த சொத்து எங்கே என்று கேட்டு அவளைச் சித்திரவதை செய்ததாகவும், புது மன்னரின் மகன் அவளைத் தன் அந்தப்புரத்துக்கு அழைத்து அவள் மறுத்ததாகவும் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அக்டோபர் மாதத்தில் எப்படியோ தப்பிப் பாங்காக் போய், பிரெஞ்சுக் கோட்டைக்குள் புகுந்துவிட்டாள். அந்தப் படை சயாமுக்கு வந்ததே அவள் கணவன் அழைப்பின்பேரில்தான். பால்கனுக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தவர் பிரெஞ்சு மன்னர். அந்தக் கொடி பறக்கும் இடத்தில் தனக்கு ஆபத்தில்லை என்று அவள் நம்பியதில் தவறு என்ன?

தளபதி டெஃபார்ஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பெண்ணுக்காகச் சண்டை போட்டால் படை முழுவதும் அழியும், கொடுத்துவிட்டால் பத்திரமாகக் கப்பல் ஏறலாம். அவரிடமிருந்த அதிகாரிகள் சிலருக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் கொடுத்துவிட்டார். நவம்பரில் படை கப்பலேறியது. அந்தக் கப்பல்கள் 1689-ம் ஆண்டு தொடக்கத்தில் வந்து நங்கூரம் போட்ட இடம் வேறெங்குமில்லை, நம் புதுச்சேரிதான்.

மரியா அரண்மனைச் சமையற்கட்டுக்கு அடிமையாக அனுப்பப்பட்டாள். மந்திரி வீட்டில் விருந்தினருக்குப் பந்தி விசாரித்த கை, கணவனைக் கொன்றவரின் அடுப்பை ஊதியது. 1703-ல் பெத்ராச்சா இறக்கும்வரை, பதினைந்து ஆண்டுகள்.

இதற்கிடையில் இன்னொரு போராட்டம். பால்கன் உயிரோடிருந்தபோது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்தான். அந்தப் பணத்தைக் கேட்டு அவள் மனுவுக்குமேல் மனு எழுதினாள். மகனைக் கட்டிய மருமகளும் சேர்ந்துகொண்டாள். சயாமிலிருந்து பாரீசுக்குக் கடுதாசி போக மாதக் கணக்காகும், பதில் வர இன்னும் மாதங்கள் ஆகும், காற்று சாதகமாக இருந்தால். 1717-ல்தான் பிரான்ஸின் அரசவைக் குழு அவளுக்கு ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவு போட்டது. கணவன் மாண்டு இருபத்தொன்பது வருஷம். அரியர்ஸுக்கு எழுதிப்போட்டுவிட்டுத் தபால்காரனைப் பார்த்துக் காத்திருக்கும் உத்தியோகஸ்தர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அடிமையாக நுழைந்தவள் அந்தச் சமையற்கட்டிலேயே மேலே வந்தாள். காலப்போக்கில் அரண்மனை அடுக்களைக்கே தலைவியானாள். அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் அந்தப் பக்கம் போய் வந்து எழுதிய நூலில், 1719-ல் பால்கனின் விதவை மன்னரின் மிட்டாய்ச் சாலைக்கு மேற்பார்வையாளராக மதிப்போடு இருந்ததைக் குறிப்பிட்டிருக்கிறார். அவளுக்கு வழங்கிய பட்டப்பெயர் ‘தாவ் தோங் கீப் மா’. நேர்ப் பொருள் தங்கக் குதிரைக் குளம்பு! குயோமார் என்ற பெயர் உள்ளூர் நாக்கில் படாமல் ‘கீப் மா’ ஆகிவிட்டதென்று சொல்கிறார்கள். 1728 வாக்கில் அவள் காலமானாள்.

யாருக்குச் சேர வேண்டிய பெயர்?

தங்க நூல், கிள்ளிய தங்கம், தங்கத் துளி மட்டுமல்ல, தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்ந்த ‘சங்கயா’, பயற்றம் மாவைப் பழம்போலவும் காய்போலவும் உருட்டிச் சாயம் தீட்டிய ‘லூக் சுப்’ எல்லாவற்றையும் மரியாதான் சயாமுக்குக் கற்றுக்கொடுத்தாள் என்று தாய்லாந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்வார்கள். சரித்திர ஆசிரியர்கள் சிலர் இதை ஒப்புவதில்லை. போர்த்துகீசியர் வந்து நூற்றைம்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் அவள். அதற்குள் அந்தக் குடியிருப்பின் அடுப்புகளில் முட்டை இனிப்பு வேகாமலா இருந்திருக்கும்? எந்தப் பலகாரத்தை அவள் முதலில் செய்தாள் என்று எழுதி வைத்த ஏடும் கிடையாது.

இந்த ஆட்சேபணை நியாயமானதே. அவள் ‘கண்டுபிடித்தாள்’ என்பது பொருந்தாது. தாயிடமோ பாட்டியிடமோ கற்றுக்கொண்டதைத்தான் செய்திருப்பாள். ஆனால் ஆற்றங்கரைப் பரதேசிக் குடியிருப்பில் செய்த பண்டம் நாடு முழுவதற்கும் பலகாரம் ஆக வேண்டுமானால் நடுவில் ஒரு வாசல் வேண்டும். ஒரு சட்டி தங்க நூலுக்கு டஜன் கணக்கில் முட்டையும் நிறையச் சர்க்கரையும் வேண்டும். அந்தக் காலத்தில் அரண்மனைதான் அந்தச் செலவுக்குத் தாங்கும். அங்கே வேலை செய்து பழகிய பெண்கள் வழியாகத்தான் பிரபுக்கள் வீட்டுக்கும், பிறகு ஊருக்கும் பரவியிருக்க முடியும். அந்த வாசலில் முப்பது வருஷம் நின்றவள் மரியா. பெயர் அவளிடம் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

1767-ல் பர்மியப் படை அயுத்யாவைத் தீக்கிரையாக்கியது. ஏடுகள், கோயில்கள், போர்த்துகீசியக் குடியிருப்பு எல்லாம் போயின. 1984-ல் அந்த இடத்தில் தோண்டியபோது மாதா கோயில் அஸ்திவாரத்தை ஒட்டி இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வரிசையாகக் கிடைத்தன. ஆனால் பலகாரம் மட்டும் எரியவில்லை. பாங்காக்கில் புதிய அரச வம்சம் வந்தபின் இரண்டாம் ராமா மன்னர் (ஆட்சி 1809 முதல் 1824 வரை) உணவு வகைகளைப் பற்றிப் படகுப் பாட்டு ஒன்று இயற்றினார். அதில் தங்க நூலும் தங்கத் துளியும் கிள்ளிய தங்கமும் பெயர் சொல்லி வருகின்றன. அதே பாட்டில் ‘மஸ்கோட்’ என்றும் ஒரு பண்டம் வருகிறது. முதலூர்க்காரர்கள் மஸ்கோத் அல்வா என்று அவசரப்பட வேண்டாம், பெயர்தான் ஒன்றுபோல் ஒலிக்கிறது, பண்டம் வேறு.

அயுத்யாவிலிருந்து தப்பிய போர்த்துகீசிய வம்சத்தார் தக்சின் மன்னரோடு நின்று போரிட்டார்கள். அதற்காகத் தோன்புரியில் ஆற்றங்கரையில் நிலம் கிடைத்தது. குடி சின் என்று அந்தப் பேட்டைக்குப் பெயர். சாந்தா குரூஸ் தேவாலயத்தைச் சுற்றிய சந்துகளில் சில வீடுகளில் இன்றும் ஒரு கேக் சுடுகிறார்கள். மைதா, வாத்து முட்டை, சர்க்கரை மூன்றே சரக்கு. வெண்ணெய் கிடையாது, ஈஸ்ட் கிடையாது. அடிக்க அடிக்க எழும்பும் நுரைதான் கேக்கை உப்ப வைக்கிறது. கீழே தணல், மேலே மூடியிலும் தணல். மேற்புறத்தில் உலர்ந்த திராட்சை. முகத்தைப் பார்த்தால் தாய்லாந்துக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறார்கள், கேக்குக்குப் பெயர் ‘பரங்கிப் பலகாரம்’!

பெட்சபுரி பக்கம் பனை வெல்லமும் வாத்து முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்த்துத் தட்டில் சுட்டு, மேலே வறுத்த சின்ன வெங்காயம் தூவிய ‘மோ கேங்’ என்ற பண்டம் பிரசித்தம். இனிப்பின்மேல் வெங்காயமா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு துண்டு தின்றுவிட்டு மறு துண்டு கேட்பார்களாம். 2021-ல் யுனெஸ்கோ அந்த ஊரைச் சமையல் கலைக்கான நகரங்களின் பட்டியலில் சேர்த்தது.

மரியாவின் பெயர் சாமானிய ஜனங்களிடம் மீண்டும் அடிபட்டது 2018-ல். நராய் மன்னர் காலத்தை வைத்து எடுத்த ஒரு தொலைக்காட்சித் தொடர் தாய்லாந்தையே கட்டிப்போட்டது. அதில் அவளும் ஒரு பாத்திரம். அந்தக் காலத்துச் சேலை துணிமணியைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் அயுத்யாவுக்கும் லோப்புரிக்கும் ரயிலேறினார்கள்.

கோழிக்கோட்டுத் தங்கைகள்

போர்த்துகீசியக் கப்பல் போன துறையெல்லாம் இந்த நூல் விழுந்திருக்கிறது. ஜப்பானில் ஹக்காத்தா நகரில் ‘முட்டை சோமென்’ என்ற பெயரில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். பிரேசிலில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு இறைச்சித் தட்டைச் சுற்றி அலங்கரிக்கிறார்கள். கோவாவில் நூல் இல்லாவிட்டாலும் மஞ்சள் கரு வாசனை உண்டு. அங்கே பண்டிகைக்கு அடுக்கடுக்காகச் சுடும் பெபிங்கா, மஞ்சள் கருவும் தேங்காய்ப் பாலும் நெய்யும் சேர்ந்தது. அதையும் ஒரு கன்னிமாடத்தில் பிறந்ததாகத்தான் சொல்கிறார்கள்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது மலபார். கோழிக்கோடு, தலைச்சேரி, கண்ணூர் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும் வேளையிலும் புது மாப்பிள்ளை விருந்திலும் ‘முட்டமால’ என்று ஒரு தட்டு வரும். முட்டை மாலை என்பதுதான் அப்படி மருவியிருக்கிறது. சிரட்டையில் துளையிட்டு, மஞ்சள் கருவை ஊற்றி, கொதிக்கும் சர்க்கரைப் பாகுக்குமேல் வட்டமாகச் சுழற்றுகிறார்கள். பாங்காக்கில் வாழை இலைக் கூம்பு, இங்கே தேங்காய்ச் சிரட்டை. கை சுழலும் திசைகூட மாறவில்லை. போர்த்துகீசியர் இங்கே விட்டுப்போனது என்பதுதான் பெரும்பாலோர் கருத்து.

மலபார்ப் பெண்கள் ஒன்றில் கெட்டிக்காரிகள். போர்த்துகல் மடத்தில் வெள்ளைக் கரு அங்கிக்குப் போயிற்று, மஞ்சள் மிஞ்சியது. இங்கே மஞ்சள் மாலைக்குப் போக, வெள்ளை மிஞ்சுகிறது. அதை அவர்கள் கொட்டுவதில்லை. மாலை வெந்த அதே பாகில் கொஞ்சம் எடுத்து வெள்ளைக் கருவோடு அடித்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, பீங்கான் தட்டில் ஊற்றி ஆவியில் அவிக்கிறார்கள். அதற்குப் பிஞ்ஞாணத்தப்பம் என்று பெயர். அதைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டில் அடுக்கி, அதன்மேல் முட்டை மாலையைப் பரப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள்.